விற்கப்படாத நீலம்

ஜூன் 3, திங்கள்

அப்பாவின் வலது கண் கட்டை இன்று காலை பிரித்தார்கள். ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடியை இறக்கி இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். காதில் விழாத மாதிரி இருந்தார். இடது கண்ணுக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை நாகர்கோவில் போக முடியாது, என்னோடு சாலிகிராமத்தில்தான். நான் சென்னைக்கு வந்த பதினாறு வருஷத்தில் அவர் என் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

மதியத்துக்கு மேல் ஆபீஸ் போனேன். தேசிகன் சார் புது வேலை கொடுத்தார். போனில் தொடர் காட்டும் பெங்களூர் கம்பெனி ஒன்று ‘கவச ஐவர்’ தொடரை மொத்தமாக வாங்கப் போகிறது. நாங்கள் வாங்குகிறவர்களின் வக்கீல்கள். 1996-இல் தொடங்கிய தொடர். ஐந்து கல்லூரிப் பிள்ளைகள், ஆளுக்கொரு நிறத்தில் கவசம், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சென்னையைக் காப்பாற்றுவார்கள். முதல் முதலாளியிலிருந்து இன்றைய முதலாளி வரை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று நான் கண்ணி கண்ணியாக நிரூபிக்க வேண்டும். நடுவில் ஒன்று அறுந்திருந்தாலும் வாங்கியவர் கையில் உரிமை நிற்காது. ஆறு வாரம்.

“சின்ன வயசுல பார்த்திருப்பீங்க பெர்சிஸ், உங்களுக்குச் சுலபம்” என்றார் சார். தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அப்பா பெந்தெகொஸ்தே சபை பாஸ்டர். ஏசுவடியான் பாஸ்டர் வீட்டில் ரேடியோகூட செய்திக்கு மட்டும்தான். இதையெல்லாம் சாரிடம் விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 5, புதன்

ஒன்பது அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. இரண்டு பெட்டியில் கரையான். இன்று முழுக்க ஒப்பந்தங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன்.

தொடரை உண்டாக்கியவர் சபாநடேசன் என்று ஒருவர், சினிமாவுக்குப் பொம்மைக் கட்டடம் செய்துகொண்டிருந்தவர். ஐந்து வருஷம் சொந்தமாக எடுத்தார். 2001-இல் தாரகை தொலைக்காட்சிக்கு விற்றார். 2006-இல் தாரகை அதை மும்பையில் ஜுக்னு டாய்ஸ் என்ற பொம்மைக் கம்பெனிக்கு விற்றது. 2012-இல் பொம்மைக் கம்பெனி நொடித்ததும் தொடர் சிங்கப்பூரில் ஒரு நிதி நிறுவனத்திடம் போனது. அவர்களுடைய சொத்துப் பட்டியலில் அது நாற்பத்தேழாவது வரி. அதற்கு முந்தைய வரி ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. ஆறு வருஷம் யாரும் தொடவில்லை. 2018-இல் அதை வாங்கியவர் பெயரைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். சபாநடேசன். விற்றவரே பதினேழு வருஷம் கழித்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

தலைப்பில் வரும் பெயர்களை ஒப்பந்தத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மொத்தம் 318 எபிசோடு. மாதிரிக்கு இருபது பார்த்தால் போதும் என்றார் சார்.

ஜூன் 8, சனி

வீட்டில் கம்ப்யூட்டரை ஹாலில்தான் வைக்க முடியும். படம் ஓடப்போகிறது, வேலை விஷயம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் படிக்க முடியாத கண். சும்மா பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

முதல் எபிசோடு. ஆறு மாடி உயரப் பல்லி ஒன்று மவுண்ட் ரோட்டில் நடந்து வருகிறது. கட்டடமெல்லாம் தெர்மக்கோல் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் யாரோ விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மொட்டை மாடியில் விரல் நீளக் கொடியில் துணி காய்கிறது. பல்லி மிதிக்கப்போகும் கட்டடம், மூன்று வினாடியில் தூளாகிவிடும், அதற்குத் துணி காயப்போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை நிறுத்தி மறுபடி பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை மதியம் பிள்ளைகள் இந்தக் கதையை விளையாடுவார்கள். எனக்குக் கதை தெரியாது என்பதால் எப்போதும் இடிந்து விழும் கட்டடம் நான்தான். கையை விரித்து நிற்க வேண்டும், யாராவது இடித்தால் விழ வேண்டும். அதற்கு எதற்கு வருத்தம். விழும் கட்டடமும் ஒருத்தர் வேண்டுமே.

இன்று பார்த்தது இருபத்தொன்று. மாதிரி முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

பத்தொன்பது எபிசோடு. பெயர்களைச் சரிபார்க்கத்தான்.

ஜூன் 12, புதன்

சபாநடேசனைப் பார்க்க விருகம்பாக்கத்தில் அவருடைய கொட்டகைக்குப் போனேன். எழுபத்து நான்கு வயது, மெலிந்த மனிதர். கை மட்டும் பெரியது. முதல் ஐந்து தலைக்கவசமும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் மேல் தகரமும் பிசினும் ஒட்டிச் செய்தவை என்று காட்டினார். நீல ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். நாலு தேங்காய் கனம் இருந்தது. கண்ணுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீறல். இதை மாட்டிக்கொண்டு எப்படி ஒருவரால் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க முடியும் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

ஒவ்வொரு முதலாளி வந்த கதையையும் சொன்னார். சேனல்காரர்கள் வந்ததும் அழுகைக் காட்சி கூடிற்றாம். பொம்மைக் கம்பெனி வந்ததும் முதல் கூட்டத்திலேயே, ஐவர் போதாது, கடையில் ஆறாவது பொம்மைக்கு இடம் இருக்கிறது என்றார்களாம். அப்படித்தான் ‘கவச ஐவர்’ என்ற தொடரில் ஆறாவது ஆளாக வெள்ளிக் கவசம் வந்தது. சிங்கப்பூர்க்காரர்களிடம் ஆறு வருஷம் தூங்கியபோது இவர் மாதம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எழுபது கடிதம். கடைசியில் எரிச்சலில் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். கைக்கு வந்ததும் மறுபடி கொஞ்ச காலம் புதிதாக எடுத்திருக்கிறார். இப்போது ஏன் விற்கிறீர்கள் என்றேன். கை நடுங்குகிறது, ஜன்னலுக்கு விளக்கு வைக்க முடியவில்லை என்றார்.

முகம் காட்டும் நடிகர்களுக்குப் பதிலாகக் கவசத்துக்குள் நின்ற சண்டைக் கலைஞர்களின் ஒப்பந்தம் பெட்டியில் இல்லையே என்று கேட்டேன். நான்கு பேருடையதைத் தேடித் தருவதாகச் சொன்னார். நீலக் கவசத்துக்கு?

“அது ஒரு ஆள் இல்லம்மா. அப்பப்ப வேற வேற பேர்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 15, சனி

மதியம் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தவர் திரும்பி வரவில்லை. பார்த்தால் சொம்பைப் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். திரையில் நீலக் கவசம் கடற்கரையில் தனியாக நிற்கும் காட்சி.

“இது என்ன நெறம் மக்களே?”

“நீலம்ப்பா.”

“நீலம் இப்படியா இருக்கும்? நான் இத்தற நாளும் பாத்தது பின்ன என்னவாக்கும்?”

கண்புரை எடுத்தவர்களுக்கு நீலம் திடீரென்று பளிச்சென்று தெரியும், வருஷக்கணக்காக மஞ்சள் படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலது கண்ணால் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கர்த்தரே என்று மெல்லச் சொன்னார். நான் அந்தக் காட்சியை நிறுத்தி, திரையில் அப்படியே விட்டுவிட்டு டீ போடப் போனேன்.

ஜூன் 16, ஞாயிறு

சபைக்குப் போய்வந்த பிறகு பார்த்தேன், அப்பா நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். ஜன்னல் காற்றுக்காக என்கிறார்.

ஜூன் 19, புதன்

இதுவரை பார்த்தது சரியாக 190 எபிசோடு. தாரகை காலத்தில் ஒரு விநோதம். 2003-இல் தொடர்ந்து முப்பது எபிசோடில் நீலக் கவசம் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கிறார். ஒரு அசைவும் இல்லை. மற்ற நால்வரும் வாராவாரம் வந்து பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கதைக்கு அது தேவையே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

ஜூன் 22, சனி

இதை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் ஜுக்னு டாய்ஸ் காலத்து எபிசோடுகள். 2008. பளபளவென்று புது உடை, ஹிந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது. நடிகர்கள் எல்லாம் மும்பைப் பிள்ளைகள். அப்பா மடியில் முருங்கைக்கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். பார்க்கிறாரா இல்லையா என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

“அந்த நீலத்துக்காரன் அன்னைக்குக் கடற்கரையில நின்னவன்தானே?” என்றார்.

இல்லை, அது 1997, இது 2008, நடிகர் வேறு, கம்பெனியே இரண்டு தடவை கைமாறிவிட்டது என்றேன்.

“மொகம் வேற. நான் அதச் சொல்லேல்ல. மூடியப் போட்ட பொறவு உள்ளுக்க நிக்கியது ஒரே ஆளாக்கும்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் கீரையைக் கீழே வைத்தார்.

“நாப்பத்தி நாலு வருசம் மேடையில நின்னு, ஆளுக ஜெபத்துக்கு எந்திரிச்சு முன்ன வாறதப் பாத்தவன் நான். மொகத்த மூடிட்டு வந்தாலும் நடையக் கண்டா இன்னாருன்னு சொல்லுவேன். அந்தப் பிள்ள திரும்பும்போ முதல்ல நாடி திரும்பும், பொறவுதான் தோளு. போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். 1996, 2002, 2008, 2019. நான்கு ஜன்னலாகத் திரையில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். நான்கு உடை, மூன்று முதலாளி, நான்கு வேறு முகம். தலைக்கவசம் இறங்கியதும் நான்கிலும் முதலில் தாடை திரும்பியது, பிறகு தோள். உயரத்திலிருந்து குதிக்கும்போது நான்கிலும் இடது கால் முதலில் தரையைத் தொட்டது, வலது கை வயிற்றருகே ஒரு கணம் நின்று பிறகு விரிந்தது.

இருபத்து மூன்று வருஷம். விற்றார்கள், வாங்கினார்கள், முகத்தை மாற்றினார்கள், உடையை மாற்றினார்கள், மொழியை மாற்றினார்கள். உள்ளே ஒரே ஆள்.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதைவிட அவர் இத்தனை நாளும் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதுதான் இப்போது தோன்றுகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

அப்பாவுக்கு இடது கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. கட்டோடு படுத்துக்கொண்டு, அந்த ஆளைக் கண்டுபிடித்தாயா என்று முதல் கேள்வி.

ஜூன் 26, புதன்

நான்கு ஜன்னல் படத்தையும் லேப்டாப்பில் எடுத்துப்போய்ச் சபாநடேசனுக்குக் காட்டினேன். இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு தகரப்பெட்டியிலிருந்து பழுப்பேறிய ஒற்றைத் தாளைக் கொண்டுவந்தார்.

1996-இல் போட்ட கடிதம். கீழே கையெழுத்து: குணவதி. நீலக் கவசத்துக்குள் இருந்தது ஒரு பெண்.

வியாசர்பாடிப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், அப்போது இருபத்து மூன்று வயது. நீலக் கவசம் கதையில் ஆண். உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்தால் பையன்கள் பார்க்க மாட்டார்கள், கேலி செய்வார்கள் என்று பயந்து, சபாநடேசன் யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார். அடுத்தடுத்து வந்த முதலாளிகளும் அதையே தொடர்ந்தார்கள். கணக்கில் ‘குணா’. டைட்டிலில் ‘குழுவினர்’. பொம்மைக் கம்பெனி குணவதியை நிறுத்திவிட்டு மும்பையிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்ததாம். இரண்டு எபிசோடு வந்தது. மூன்றாம் வாரம் பிள்ளைகளிடமிருந்து சாக்குப்பையில் கடிதம். நீலத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். குணவதியைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் திரும்ப வாங்கிய பிறகாவது அவர் பெயரைப் போட்டிருக்கலாமே என்றேன்.

“பயம்தாம்மா. இத்தனை வருஷம் ஏன் மறைச்சேன்னு யாராவது கேட்டா, பதில் இல்ல” என்றார்.

நான் கடிதத்தை மறுபடி படித்தேன். ரகசியம் காப்பேன் என்று மட்டும் இருக்கிறது. தன் நடிப்பின் மேலுள்ள உரிமையைக் கொடுக்கிறேன் என்று ஒரு சொல்கூட இல்லை. வேறு எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இல்லை. அப்படியென்றால் நான்கு தடவை கைமாறிய இந்தத் தொடரில், அந்த நீலத்தின் அசைவு மட்டும் ஒரு தடவைகூட யாருக்கும் விற்கப்படவில்லை. பெட்டி பெட்டியாக ஒப்பந்தம், சிங்கப்பூர் முத்திரை, மும்பை முத்திரை. இத்தனைக்கும் நடுவில் அது அந்த அம்மாவிடமே இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

ஜூன் 27, வியாழன்

தேசிகன் சாரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, அவர் கோபப்படுகிறவர் இல்லை. உரிமை முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு பக்கத்தில் தாள் தயார் செய்யச் சொன்னார். ஒரு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்றார்.

பெங்களூர்க் கம்பெனியின் திட்டம் கோப்பில் இருக்கிறது. புதுத் தொடரில் சண்டைக்கு ஆளே கிடையாது. பழைய எபிசோடுகளை கம்ப்யூட்டருக்குக் காட்டி, அந்த அசைவுகளை அதற்குக் கற்றுக்கொடுத்து, அதிலிருந்தே புதிதாகச் செய்யப் போகிறார்கள். ஐவரில் அவர்கள் குறித்து வைத்திருப்பது நீலத்தை. இது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தாளில் இதை எழுத வேண்டியதில்லை என்றார் சார்.

தாளைத் தட்டச்சு செய்துவிட்டேன்.

ஜூன் 29, சனி

சபாநடேசன் போனில் சொல்லி வைத்திருந்தார். நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா. குணவதி அங்கே வேலை செய்கிறார். பிள்ளைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு குளத்தைக் கடக்கும் விளையாட்டில், இடுப்பு வாரைப் பூட்டிச் சரிபார்ப்பது அவர் வேலை. ஐம்பத்தோரு வயது. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார். முழங்கால் இரண்டிலும் பட்டை. வரிசையில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அவர் யார் என்று தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். தயிர்சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார். ஹெல்மெட்டுக்குள் ஒன்றுமே தெரியாதாம். எதிராளி எத்தனை அடியில் இருக்கிறார் என்று எண்ணி வைத்துக்கொண்டு, காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் உதைப்பாராம். நான் பனிக்கட்டி பற்றிக் கேட்டேன்.

“முழுகாம இருந்தேன்மா. அஞ்சாம் மாசம் வரைக்கும் குதிச்சேன். அப்புறம் முடியலன்னேன். வேற ஆளப் போடாம ஐஸுக்குள்ள வச்சிட்டாங்க. பொண்ணு பொறந்து மூணு மாசம் கழிச்சு ஐஸ உடைச்சாங்க.”

அந்தப் பெண்ணின் கையில் நீலக் கவசப் பொம்மை எப்போதும் இருக்குமாம். அது தன் அம்மா என்று பன்னிரண்டு வயதில் சொன்னபோது நம்பவில்லையாம். சமையலறையில் ஒரு தடவை செய்து காட்டிய பிறகுதான் நம்பியது.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்: “ஏதோ கையெழுத்து வேணும்னு அண்ணன் சொன்னாரு. எங்க போடணும்?”

தாள் என் பைக்குள் இருந்தது. பேனாவும் இருந்தது.

“இன்னிக்கு வேண்டாம். நான் வாங்குறவங்களோட வக்கீல். உங்களுக்குன்னு ஒரு வக்கீலப் பாருங்க. அவங்க படிச்சுச் சொன்னப்புறம் போடுங்க” என்றேன்.

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

தொழில்முறைப்படி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். இதில் வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு ஜூனியரைப் பார்த்ததில்லை என்றார். தாளை வேறொருவரிடம் கொடுத்தனுப்பப் போவதாகச் சொன்னார்.

எதற்கு என்று தெரியாமல் போட்ட கையெழுத்தை நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உடைக்கலாம், அன்றைக்குப் புதுத் தொடர் முழுவதும் நிற்கும், நம் கட்சிக்காரர் நம்மைத்தான் கேட்பார் என்றேன். நோக்கத்தைத் தமிழில் வெளிப்படையாக எழுதி வாங்குவதுதான் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. இதை நானே பெங்களூரில் பேசுகிறேன், சரிவராவிட்டால் இந்தக் கோப்பிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

ஜூலை 2, செவ்வாய்

அப்பாவின் இடது கண்ணுக்கும் கட்டு பிரித்தாயிற்று. சமையலறை அலமாரியில் நான் துடைக்காத இடமெல்லாம் இப்போது அவருக்குத் தெரிகிறது.

ஜூலை 4, வியாழன்

பெங்களூர் ஒப்புக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஒத்துவராது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்த நான்கு ஜன்னல் படத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்ததும் அவர்களுடைய தலைமை அதிகாரி, சின்ன வயசுக்காரர், இது நிஜமா என்று கேட்டார். அவர் கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் பார்த்து வளர்ந்தவராம்.

ஜூலை 9, செவ்வாய்

குணவதி தன் வக்கீலோடு ஆபீசுக்கு வந்தார். வியாசர்பாடியில் வீட்டு வாசலிலேயே பலகை மாட்டியிருக்கும் வக்கீல் அம்மா. இருவரும் நான் புதிதாக எழுதிய தாளை முழுதாகப் படித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் எப்படிக் கற்றுக்கொள்ளும் என்பதை குணவதி மூன்று விதமாகக் கேட்டுப் புரிந்துகொண்டார்.

“அப்ப நான் தப்பா விழுந்ததையும் சேத்துதான கத்துக்கும்?” என்றார்.

சார் புரியாமல் பார்த்தார்.

“முப்பத்திரண்டு எடத்துல தப்பு இருக்கு சார். வெளிச்சம் போவுது, நேரமில்லன்னு ஓகே பண்ணிடுவாங்க. எது எதுன்னு எனக்குத் தெரியும். அதப் பார்த்து எதுவும் கத்துக்கக் கூடாது. நான் வந்து செஞ்சு காட்டறேன், அதப் பார்த்துக் கத்துக்கட்டும். பணம் ஒழுங்கா வரணும், எத்தினி எடத்துல போடறாங்களோ அத்தினிக்கும். பேரும் போடணும். புதுசுல மட்டும் இல்ல, பழசுலயும்.”

பழசு என்றால் 318 எபிசோடும் திருத்த வேண்டுமே என்றார் சார். இருநூற்று எண்பத்தாறு போதும், ஐஸுக்குள்ளயும் மும்பை ஆள் செஞ்ச ரெண்டுலயும் நான் இல்ல என்றார் குணவதி.

தேசிகன் சார் சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 12, வெள்ளி

எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சபாநடேசனும் வந்திருந்தார். குணவதிக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். உக்காருங்கண்ணே என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

ஜூலை 20, சனி

இன்று அசைவைப் பதிவு செய்தார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஸ்டூடியோ. அப்பாவுக்கு மாலை நாகர்கோவில் ரயில். பதிவு முடிந்ததும் அப்படியே எழும்பூர் போகலாம் என்று பையோடு கூட்டிப்போனேன். எழுபத்தெட்டு வயது வரை சினிமாக் கொட்டகைப் படி மிதிக்காதவர். வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். வாட்ச்மேன் நாற்காலி கொடுத்தார். பத்து நிமிஷத்தில் பார்த்தால் உள்ளே, என் பக்கத்தில் நிற்கிறார்.

பெரிய கறுப்பு அறை, சுற்றிலும் சின்னச் சின்னக் கேமரா. குணவதிக்கு உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, அதில் கொட்டைப்பாக்கு அளவில் ஐம்பது அறுபது வெள்ளை உருண்டை. திரையில் ஆள் தெரியாது, அந்த உருண்டைகள் மட்டும் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். ஹெல்மெட் இல்லை, முகம் இல்லை, நீலம்கூட இல்லை.

அவர் நடந்தார். கறுப்புத் திரையில் புள்ளிகள் நடந்தன. திரும்பினார். முதலில் மேலே நான்கு புள்ளி திரும்பியது, பிறகுதான் தோள் இருக்கும் இடம். கம்ப்யூட்டர் முன் இருந்த இளைஞர்கள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

பிறகு பன்னிரண்டடி மேடையிலிருந்து குதிக்க வேண்டும். முழங்காலை நினைத்து ஆறடி போதும் என்றார்கள். அவர் பன்னிரண்டுக்கே ஏறினார். கீழே மெத்தை. குதித்தார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இல்லை, வலது கை சீக்கிரம் விரிந்துவிட்டது என்று மறுபடி ஏறினார். இரண்டாவது. மூன்றாவதில் விழுந்து எழுந்தபோது முகம் வலியில் வெளுத்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ஹெல்மெட்டுக்குள் இருப்பது போலவே.

நான்காவது தடவை குதித்தார்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கறுப்பில் அந்தப் புள்ளிகள் ஒரு கொத்தாக இறங்கின. இடது கால் தொட்டது. கை வயிற்றருகே நின்றது, நின்றது, பிறகு விரிந்தது. ஒரு நட்சத்திரக் கூட்டம் தரையைத் தொட்டு எழுந்து நிற்பது போல இருந்தது.

குணவதி திரும்பித் திரையைப் பார்த்தார். தன்னையே அவர் முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“இப்ப சரி” என்றார்.

நான் அலுவல் நிமித்தமாக வந்தவள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, அங்கே ஒரே தூசி. பக்கத்தில் அப்பா பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டத் தொடங்கினார், நிதானமாக, தலைக்கு மேலே கையை உயர்த்தி. அவர் அப்படித் தட்டுவதை ஆராதனையில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.